கடலுக்குப் பயந்தவர்கள் பாய்ப்படகில் ஆறு இரவு இருப்பது எப்படி

மாலைதீவுக்கு டிக்கெட் எடுக்க முதல் ஒரு பெரிய பேசின் வாங்குங்கள். உடுப்பு ஊறவைக்கிற அளவு இருக்க வேண்டும். பின் விறாந்தையில் ஒரு வாங்கின் (பெஞ்சின்) மேல் வைத்து நிரப்பி, நீர்க்கண்ணாடியை முகத்தில் மாட்டி, மூச்சுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, காது நனையும்வரை முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து வாயால் மூச்சு விடுங்கள். முதல் நாள் என்னால் நாலு மூச்சுக்கு மேல் முடியவில்லை. பக்கத்தில் நின்று எண்ணிய பேரன் ஐந்து என்று சொல்ல முதலே தலையைத் தூக்கிவிட்டேன். "அம்மம்மா தோல்வி!" என்று அயல் முழுக்கக் கேட்கக் கத்தினான். இரண்டு கிழமையில் பத்து நிமிடம் இருக்கப் பழகிவிட்டேன். இந்தப் பயணத்துக்காக நான் செய்த ஆயத்தங்களில் உண்மையில் கைகொடுத்தது இதுதான். மற்றவற்றில் பாதி வீண்செலவு.

நான் இலங்கையின் முல்லைத்தீவுப் பக்கம், முள்ளியவளையில் இருக்கிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவள். வயது 61. கடல் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். ஆனாலும் நீந்தத் தெரியாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு முல்லைத்தீவுக் கரையில் கால் நனைத்ததும் இல்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு உப்புத் தண்ணீரில் விளக்கெரிக்கக் கடலில் தீர்த்தம் எடுக்கும் நாளில்கூட, சனத்துக்குப் பின்னால் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். 2024 மாசியில் மாலைதீவில் பாய்ப்படகில் ஆறு இரவு இருந்துவிட்டு வந்தேன் என்றால், அதற்குக் காரணம் தம்பி.

அவன் சுவிஸில் இருக்கிறான். ஊருக்கு வருவதில்லை. ஏன் என்று நாங்கள் கேட்பதும் இல்லை. எங்கள் பக்கத்தில் இப்படியான குடும்பங்கள் திருச்சியிலோ சிங்கப்பூரிலோ ஒரு அறை எடுத்துச் சந்தித்துக்கொள்வது வழக்கம். நாங்களும் இரண்டு தடவை அப்படிச் சந்தித்தோம். கோயில், கடை, கோயில், கடை என்று நாட்கள் போயின. மூன்றாம் தடவை தம்பியின் மகள் ஒரே பிடியாக நின்றாள்: "மாமி, இந்த முறை படகு." எட்டுப் பேர் போனோம். தம்பி, மச்சாள், அவர்களின் இரண்டு பிள்ளைகள், நான், என் கணவர், மகள், ஏழு வயதுப் பேரன்.

எப்போது போவது

எங்கள் காற்றுக் கணக்கே அங்கும் பொருந்தும். வடகிழக்கு வாடை ஓய்ந்து, தென்மேற்குச் சோளகம் பிறக்க முன்னர் போக வேண்டும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை அங்கே வானம் வெளித்திருக்கும், மழை குறைவு. மேயிலிருந்து சோளகத்தோடு மழையும் குமுறலும் வந்துவிடும். பெப்ரவரி எங்களுக்கு வசதி, காலபோக நெல் வெட்டும் அநேகமாக முடிந்துவிடும். பாய் விரித்து ஓடவேண்டும் என்ற ஆசை இருந்தால் மார்ச் கடைசிக்குத் தள்ளிப்போடாதீர்கள், காற்று செத்துவிடும். நாங்கள் போன நேரத்திலேயே பாயில் ஓடியது கால்வாசிதான், மிச்சம் எஞ்சின். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இராது. நோன்பு மாதம் எப்போது வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முஸ்லிம் நாடு. நோன்பு நாட்களில், சனம் குடியிருக்கும் ஊர்த் தீவுகளில் பகலில் வெளியே இருந்து சாப்பிட முடியாது.

படகு பிடிப்பது

தண்டையலோடும் (படகை ஓட்டுபவர்) சமையற்காரரோடும் வருகிற படகையே எடுங்கள். வெறும் படகை வாடகைக்குத் தரும் இடங்களும் உண்டு, அது எங்கள் வேலை இல்லை. எங்களுடையது இரட்டை உடல் படகு. "கட்டமரான்" என்றார்கள். சொல் எங்களிடமிருந்து போனது, பொருள் எங்கோ போய்விட்டது. எங்கள் கரையில் மரக்குற்றிகளை வரிந்து கட்டியதுதான் கட்டுமரம். இதுவோ இரண்டு ஒடுங்கிய வள்ளங்களை அருகருகே விட்டு, மேலே ஒரு வீட்டைக் கட்டியதுபோல இருந்தது. ஒரு பக்கம் சாய்ந்து ஓடாது. ஆழம் குறைந்த இடத்துக்குள்ளும் நுழையும். வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் போவதென்றால் இதுதான் பொருத்தம்.

காசு கட்ட முன்னர் கேட்க வேண்டியவற்றை என் கணக்குக் கொப்பியில் எழுதிக் கொடுத்தேன், தம்பி சிரித்துவிட்டு அப்படியே அனுப்பினான். டீசல் கட்டணத்துக்குள் அடங்குமா? பிள்ளைகளின் அளவில் மிதவை அங்கி இருக்கிறதா? நன்னீர் எத்தனை லீற்றர், கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் உண்டா? இரவில் குளிரூட்டி ஓடுமா? பசுமை வரி யார் கட்டுவது? இந்தக் கடைசிக் கேள்வியை விடாதீர்கள். நாங்கள் போனபோது தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஆளுக்கு 6 டொலர், 2025 ஜனவரியிலிருந்து படகுகளுக்கு 12 டொலர். எட்டுப் பேருக்குப் பெருக்கிப் பாருங்கள். முதலில் எங்களுக்கு விலை சொன்ன ஒரு முகவர் இதைச் சேர்க்காமல் மலிவாகக் காட்டினார். கேட்டதும் கடிதம் எழுதுவதையே நிறுத்திவிட்டார்.

கடதாசி வேலை

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை. இறங்கியதும் 30 நாளுக்கு இலவசமாகக் குத்தித் தருவார்கள். வவுனியாக் கிளையிலேயே கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு ஓட வேண்டாம். திரும்பும் டிக்கெட்டும் படகு பதிவு செய்த கடிதமும் அச்செடுத்துக் கையில் இருக்கட்டும். விமானத்துக்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் "இமுகா" என்ற இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

சுங்கத்தில் கவனிக்க வேண்டியது: மதுபானம், பன்றி இறைச்சி, கும்பிடும் சிலைகள் எதுவும் உள்ளே விடமாட்டார்கள். கைப்பையில் சின்னப் பிள்ளையார் வைத்திருக்கிற பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. அவரை வீட்டில் இருத்திவிட்டுப் போங்கள். நான் நெற்றியில் திருநீற்றோடுதான் போனேன், யாரும் எதுவும் சொல்லவில்லை. தம்பிக்கென்று கட்டிக்கொண்டு போன புழுக்கொடியலை (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு)த்தான் அந்த அதிகாரி நீண்டநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றைக் கடித்துக் காட்டினேன். போகச் சொல்லிவிட்டார்.

முல்லைத்தீவிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஒரு இரவு முழுக்க. அங்கிருந்து மாலேக்கு ஒன்றரை மணித்தியாலம். மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்கு வைக்க வேண்டும். விமான நிலையமே ஒரு தீவு என்பதால் வாசலைக் கடந்து வெளியே வந்தால் முன்னால் கடல், படகுகள்.

சத்திக்கு (வாந்திக்கு) ஒரு சோதனை

ஆறு நாளை ஒரே மூச்சில் நம்பி எடுக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் துறைக்குப் போய், நெடுந்தீவுக்குப் படகேறுங்கள். கிட்டத்தட்ட ஒரு மணித்தியால ஓட்டம். அதில் உங்கள் வயிறு என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும். என் வயிறு அரைவழியில் சொல்லிவிட்டது. திரும்பி வரும்போது பழகிய ஒருவர் சொன்னபடி, உள்ளே அடைபட்டு இருக்காமல் காற்றுப் படும் இடத்தில், படகின் நடுப்பகுதியில் இருந்து தூரத்து நீர்விளிம்பையே பார்த்துக்கொண்டு வந்தேன். சத்தி வரவில்லை. மாலைதீவுக்கு மருத்துவரிடம் கேட்டு மாத்திரை கொண்டுபோனேன். தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, புறப்பட ஒரு மணித்தியாலம் முதல் போட வேண்டும். இஞ்சித் துண்டும் தேசிக்காயும் கையில் இருந்தால் மனதுக்காவது நல்லது.

நெடுந்தீவில் வேலிகள் எல்லாம் முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். அடுக்கி வைத்த சாம்பல் நிறக் கற்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் பூ வேலைப்பாடு, தேன்வதை போன்ற துளைகள், மூளை மடிப்புப் போன்ற வரிகள். அதை ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வாருங்கள். உயிரோடு இருக்கும் முருகைக்கல்லைக் கண்ணாடிக்குள்ளால் பார்க்கும்போது என்ன பார்க்கிறீர்கள் என்று அப்போதுதான் விளங்கும்.

என்ன கொண்டுபோவது

சூட்கேஸ் வேண்டாம். படகில் அதை வைக்க இடமில்லை. மடித்துச் செருகக்கூடிய துணிப்பை போதும். செருப்பு ஏறும்போதே ஒரு கூடைக்குள் போய்விடும், ஆறு நாளும் வெறுங்கால். சேலை ஒன்றுகூட வேண்டாம். தண்ணீருக்குள் இறங்கப் பருத்தி உடுப்பு உதவாது, ஊறிப் பாரமாகி ஆளைக் கீழே இழுக்கும். விளையாட்டுக்காரர் போடுகிற, சட்டென்று காய்கிற துணியில் நீளக்கைச் சட்டையும் கணுக்கால்வரை காற்சட்டையும் வவுனியாவிலேயே கிடைத்தன. உடுப்பு விடயத்தில் அங்கே வெள்ளைக்காரருக்குத்தான் கட்டுப்பாடு. ஊர்த் தீவுகளில் நீச்சலுடையோடு திரிய முடியாது, அதற்கென்று ஒதுக்கிய கரை உண்டு. எங்களுடைய கோலத்தில் எங்கும் போகலாம்.

உடுப்பு மாட்டும் கிளிப் ஒரு டசின். நாடா வைத்த தொப்பி. வழக்கமாகப் போடும் மாத்திரைகள், மருத்துவர் எழுதிய துண்டோடு, கைப்பையில். வெயில் களிம்பு வாங்கும்போது நாகச் சத்து (சிங்க்) உள்ள வெள்ளைக் களிம்பாகப் பாருங்கள், வேறு சில இரசாயனங்கள் முருகைக்கல்லுக்குக் கூடாது. முகத்துக்கும் கைக்கும் பூசுவீர்கள். முழங்காலின் பின்பக்கத்தையும் தலை வகிட்டையும் மறந்துவிடுவீர்கள். நானும் மறந்தேன். வகிடு கொப்புளித்து ஒரு மாதம் சீப்பு வைக்க முடியவில்லை.

படகுக்குள்

முதல் நாள் தண்டையல் எல்லோரையும் இருத்தி மலசலகூடத்தைப் பற்றித்தான் நீண்ட நேரம் பேசினார். ஒடுங்கிய குழாய். சாப்பிட்டுச் செமித்தது தவிர வேறு எதுவும் அதற்குள் போகக்கூடாது, கடதாசி உட்பட. தம்பியின் மகன் மூன்றாம் நாள் ஒரு ஈரத்துடைப்பானைப் போட்டுவிட்டான். அந்த நாளின் மிச்சக் கதை வேண்டாம். எங்கள் வழக்கப்படி கோப்பையில் தண்ணீர் எடுத்துக் கழுவுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

நன்னீர் அளவானது. கடலில் குளித்து ஏறியதும் உப்பைப் போக்க ஒரு சின்ன வாளி, அவ்வளவுதான். தம்பியின் மகள் முதல் நாளே சவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடினாள், இரண்டாம் நாள் இயந்திரம் பகல் முழுக்க இரைந்துகொண்டிருந்தது. 2009 இல் செட்டிகுளம் அகதி முகாமில் நானும் மகளும் ஒரு வாளித் தண்ணீரில் தலை முழுகித் துணியும் அலசியவர்கள். மகள் அவளுக்கு அந்த முறையைக் காட்டிக்கொடுத்தாள்: முதலில் தலை, வடிகிற தண்ணீரில் உடம்பு, கடைசிக் கோப்பை முகத்துக்கு. எங்கே பழகினீர்கள் என்று அவள் கேட்டாள். தம்பி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரவில் நங்கூரம் போட்டுத்தான் படுப்போம். இருட்டில் எந்தப் படகும் பார்களுக்குள், அதாவது முருகைக்கல் திட்டுகளுக்குள், ஓடாது. முதல் இரண்டு இரவும் எனக்கு உறக்கமில்லை. தலையணைக்கு ஒரு சாண் அப்பால் தண்ணீர் தட்டிக்கொண்டிருந்தது. மேல்தட்டில் போய் இருந்தேன். சமையற்காரரும் உறங்காமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அரைகுறை ஆங்கிலத்தில் ஊர் எது என்று கேட்டேன். கந்தொல்ஹுதூ என்றார், பிறகு துவாஃபரு என்று திருத்தினார். 2004 சுனாமியில் கந்தொல்ஹுதூ குடியிருக்க முடியாதபடி அழிந்து, ஊர்ச்சனம் முழுவதும் சில வருடங்களுக்குப் பிறகு துவாஃபரு என்ற வெறுந்தீவில் புதிதாகக் குடியேற்றப்பட்டது. "முல்லைத்தீவு" என்று என்னைக் காட்டி, கையைத் தலைக்கு மேலே உயர்த்தி அலையின் உயரத்தைக் காட்டினேன். அவர் இடுப்பில் கை வைத்துக் காட்டினார். அந்த நாட்டின் மிக உயர்ந்த இயற்கை நிலமே 2.4 மீற்றர்தான், இடுப்பளவு வந்தால் ஓட இடமில்லை. மூன்றாம் இரவு உறங்கினேன். உங்களுக்கும் உறக்கம் வராவிட்டால் அறைக்குள் புரண்டுகொண்டிராமல் மேலே போங்கள், காற்றாவது கிடைக்கும்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். காலையில் "மாஸ் ஹுனி" என்று வைத்தார்கள். தேங்காய்ப்பூ, மீன், வெங்காயம், மிளகாய், தேசிப்புளி சேர்த்துப் பிசைந்தது. எங்கள் மாசிச் சம்பல்தான், மீன் தாராளம். தொட்டுக்கொள்ள "ரொஷி", அதாவது ரொட்டி. இவ்வளவு காலமும் நாங்கள் சம்பலில் இடித்துப் போட்ட மாசி எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? சூரை மீனைத் தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடித்து, அவித்து, புகை போட்டு, கல்லாகும்வரை காயவைத்து அனுப்புகிற நாடு அது. என் கணவருக்குச் சிங்களம் தெரியும். சமையற்காரர் எண்ணும்போது நாலு, ஐந்துக்கு ஹதரெ, ஃபஹெ என்று சொல்லக் கேட்டு, ஹதர, பஹ என்று இவர் தொடர, அதற்குப் பிறகு இரண்டு பேரையும் குசினியிலிருந்து பிரிக்க முடியவில்லை.

அணியத்தில் காவல்

மாலேக்குத் தெற்கே வாதூக் கால்வாயைக் கடந்து தென்மாலே வளையத்துக்குள் போனோம். பிறகு இன்னும் தெற்கே, வாவு வளையத்தின் தலைமாட்டில் இருக்கும் ஃபுலிதூவரை. வளையம் என்று நான் சொல்வதைத்தான் உலகம் "அட்டோல்" என்கிறது, அது அவர்களின் திவேஹி மொழிச் சொல். கடலுக்குள் மாலை போட்டதுபோல வட்டமாகப் பார், பாரின் மேல் அங்கங்கே தீவு, நடுவில் அமைதியான நீர். வளையங்களுக்கு இடையே உள்ள திறந்த கடலில்தான் படகு தூக்கிப் போடும். அந்த ஓரிரு மணித்தியாலத்துக்கு முன்னரே மாத்திரை போட்டிருக்க வேண்டும்.

வளையத்துக்குள் வந்ததும் தண்டையல் என்னையும் தம்பியையும் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நிற்கச் சொன்னார். கடல் வரைபடம் இருந்தாலும் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்னக் கற்தலைகளைக் கண்ணால்தான் பார்க்க வேண்டுமாம். சூரியன் உயரத்தில், முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது தண்ணீர் தன் ஆழத்தை நிறத்தால் சொல்லிவிடும். கரு நீலம் என்றால் ஆழம், போகலாம். கிளிப்பச்சை என்றால் கீழே மணல், ஆழம் குறைவு, மெதுவாகப் போ. மண்ணிறமோ மஞ்சளோ தெரிந்தால் முருகைக்கல், நில். முகிலின் நிழல்தான் ஏமாற்றும், கல்லைப்போலவே தெரியும். ஆனால் நிழல் நகரும், கல் நகராது. அதனால் காலை ஒன்பது மணிக்கு முன்னரும் பிற்பகல் மூன்றுக்குப் பின்னரும் அவர் பாருக்குள் படகை விடவே இல்லை. உங்கள் படகு சூரியன் சாயும் நேரத்தில் பாருக்குள் ஓடினால் ஏன் என்று கேளுங்கள்.

ஒரு மணித்தியாலம் நின்றோம். "மண்ணிறம், இடப்பக்கம்" என்பேன். தம்பி கையைத் தூக்கித் தண்டையலுக்குக் காட்டுவான். சின்ன வயதில் குளக்கட்டில் நின்று முதலை பார்த்தது மாதிரி இருக்கிறது என்றான். முத்தையன்கட்டில் இப்போதும் முதலை இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றேன். வலது கரை வாய்க்கால்? அதுவும் இருக்கிறது. அந்த வாய்க்காலின் ஓரத்து மருதமரம்? இல்லை. "கரு நீலம்" என்றேன். கையை இறக்கினான்.

நங்கூரம் மணலில்தான் விழ வேண்டும். கல்லில் விழுந்தால் நூறு வருட வளர்ச்சியைச் சங்கிலி ஒரு இரவில் அரைத்துவிடும். ஆழத்தைப்போல நாலைந்து மடங்கு நீளத்துக்குச் சங்கிலியை விட்டார்கள், பிறகு ஒருவர் கண்ணாடி போட்டுக் குதித்து அது எங்கே படிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார். இப்படிப் பார்க்கிற படகுக்காரர் நல்ல படகுக்காரர்.

முருகைக்கல்லின் மேல்

கண்ணாடியைக் கடையில் வாங்கும்போது வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் உள்ளிழுங்கள். கை விட்டும் விழாமல் ஒட்டிக்கொண்டால் அது உங்கள் முகத்துக்கானது. தண்ணீருக்குள் போக முதல் உள்பக்கத்தில் துப்பித் தேய்த்து அலசினால் புகை படியாது. எனக்கு அருவருப்பாக இருந்தது. துப்பாமல் இறங்கி ஒன்றும் தெரியாமல் ஏறி, பிறகு துப்பினேன்.

மிதவை அங்கியைக் கழற்ற வேண்டாம், யார் சிரித்தாலும். அதோடு முக்குளிக்க முடியாது, ஆனால் கையைக் காலை அடிக்காமல் குப்புறக் கிடக்கலாம். எங்களுக்கு அதுதானே வேண்டும். நீரோட்டம் எங்கிருந்து வருகிறதோ அந்தத் தலைப்பில் இறங்கி, அதன் போக்கில் மிதந்து வர, சின்னப் படகு பின்னால் வந்து ஏற்றிக்கொள்ளும். நான் ஒரு கையால் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். மற்றக் கையில் ஒரு மிதவை வளையம்.

முதலில் கேட்டது சத்தம். கறுக், கறுக் என்று யாரோ கற்கண்டு கடிப்பதுபோல. கீழே பச்சையும் ஊதாவுமாய் ஒரு கிளிமீன், சொண்டால் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தது. சற்று நீந்திப் போய்ப் பின்னால் வெள்ளைப் புகைபோல மணலை விட்டது. கல்லோடு சேர்த்து விழுங்கி, அரைத்து, மணலாகக் கழிக்கிற மீன் அது. பெரியது ஒன்று வருடத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் தருமாம். முதல் நாள் மச்சாள் வாரி வாரி முகர்ந்த அந்தப் பூப்போன்ற வெண்மணலில் பெரும்பங்கு எங்கிருந்து வந்தது என்று சொன்னதும் துவாயை இரண்டு தடவை உதறினா.

நெடுந்தீவு வேலியில் தடவிய அதே மூளை மடிப்பு, இங்கே தேன் நிறத்தில், ஒரு மாட்டுவண்டிச் சில்லளவு. கிட்டப் போனபோது வரிகளின் ஓரத்தில் நுண்ணிய இழைகள் அசைவது தெரிந்தது. கல் இல்லை, ஆயிரக்கணக்கான சிறு பிராணிகள் ஒன்றாகக் கட்டிய குடியிருப்பு. அவற்றின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அந்த நிறத்தையும் சாப்பாட்டில் பெரும்பகுதியையும் கொடுக்கிறது. அட்டைப்படத்தில் வரும் சிவப்பையும் ஊதாவையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். பெரும்பாலானவை மண்ணிறம், தேன் நிறம். போதாக்குறைக்குத் தண்ணீர் முதலில் விழுங்குவதும் சிவப்பைத்தான். கடல் வழக்கத்தைவிட ஒரு பாகை கூடி அப்படியே கிழமைக்கணக்கில் இருந்தால் அந்தப் பாசி வெளியேற, கல் வெளிறிவிடும். 1998 இல் அங்கே ஆழம் குறைந்த இடங்களில் பெரும்பகுதி அப்படிச் செத்தது. 2016 இலும் வெளிறியது. நாங்கள் திரும்பி இரண்டு மூன்று மாதத்தில், 2024 ஏப்ரல், மேயில், மறுபடியும். நான் பார்த்த அந்தச் சில்லு இப்போது எந்த நிறத்தில் இருக்கிறதோ.

காலை ஊன்றக் கூடாது. களைத்தாலும், கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தாலும், மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள், படகு வரும். நான் ஒரு தடவை பதறி முழங்காலை உரசிவிட்டேன். ஒரு சின்னக் கீறல்தான், ஆற மூன்று கிழமை எடுத்தது. உரசினால் உடனே நன்னீராலும் சவர்க்காரத்தாலும் கழுவிக் கிருமிநீக்கி போடுங்கள், உள்ளே நுண்துகள் இருக்கும். பெரிய கிளாத்தி மீன் ஒன்று முறைத்துக்கொண்டு வந்தால் அதன் கூட்டுக்கு மேல் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். மேலே எழும்பாமல் பக்கவாட்டில் விலகிப் போங்கள். கரையோரத்தில் திரியும் கருமுனைச் சுறாக் குட்டிகள் ஒன்றும் செய்யா. அவற்றைக் கண்டதும் எனக்குச் சுறா வறைக் கறிதான் நினைவு வந்தது. 2010 இலிருந்து அங்கே சுறா பிடிக்கத் தடை என்று தம்பியின் மகள் உடனே சொன்னாள், நான் வாய் திறக்க முதலே.

முருகைக்கல் துண்டோ ஆமையோடோ பையில் போட வேண்டாம், விமான நிலையத்தில் பிடிப்பார்கள். பேரன் காற்சட்டைப் பையில் ஒளித்த துண்டைக் கடைசி நாள் கண்டுபிடித்து, இருந்த இடத்திலேயே போட வைத்தேன்.

ஊர்த் தீவுகளில்

ஃபுலிதூவில் மாலையில் துறைக்குப் பக்கத்துக் கரையில் திருக்கைகள் முழங்கால் தண்ணீருக்குள் வரும். பார்த்தால் போதும், சாப்பாடு காட்டி இழுக்காதீர்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் கடைகள் பூட்டு, எதுவும் நடக்காது. அன்று படகிலேயே இருங்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டால் இலங்கை என்று சொல்லுங்கள். வயதான ஒருவர் மேலும் துருவி, வவுனியாப் பக்கமா என்று கேட்டுவிட்டுச் சற்று மௌனமாக நின்றார். 1988 நவம்பர் 3 அன்று எங்கள் பக்கத்து ஆயுதக் குழு ஒன்று மாலேயில் இறங்கி ஆட்சியைப் பிடிக்க முயன்ற கதை அவருக்கு நினைவிருந்திருக்கும். அந்த நாளை அவர்கள் வெற்றி நாளாகக் கொண்டாடுகிறார்கள். பிறகு அவராகவே இளநீர் வெட்டித் தந்தார்.

திரும்பியதும்

கண்ணாடியையும் குழாயையும் நன்னீரில் ஊறவைத்து நிழலில் காயவிடுங்கள், வெயிலில் ரப்பர் வெடித்துவிடும். அதே பேசின் இதற்கும் உதவும். தரை இரண்டு மூன்று நாள் ஆடும். எனக்கு இரண்டாம் நாள் காலையில் திருவலையில் இருந்து தேங்காய் துருவும்போது குசினி முழுவதும் இடப்பக்கம் சாய்ந்தது, நிலையைப் பிடித்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே தெரிகிற பனை வரிசையைப் பார்த்தேன். தலை சுற்றினால் தூரத்தைப் பார்ப்பதுதான் அதற்கும் வைத்தியம். மூன்றாம் நாள் நின்றுவிட்டது.